ஹட்டனிலிருந்து பேட்டில்ஃபீல்ட் 6: தீபாவளிக் காசை இதில் போடலாமா?

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, பேட்டில்ஃபீல்ட் 6 வாங்கலாம் என்று இருக்கிறேன். தீபாவளிக்கு எங்கள் அண்ணன் கொழும்பிலிருந்து அனுப்பிய காசில் 25,000 ரூபா மிச்சம் இருக்கிறது. என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்ட் பிசி. ஐ5 ஆறாம் தலைமுறை பிராசசர், 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்ட். வீட்டில் 4ஜி ரவுட்டர். நம்ம பக்கம் இருந்துகொண்டு இதை ஒழுங்காக விளையாட முடியுமா? கேம் உண்மையிலேயே நல்லதா, இல்லை எல்லாம் விளம்பரமா?"

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு வாங்க வேண்டாம். கேம் மோசமில்லை. சொல்லப்போனால் இந்தப் போர் கேம் வரிசையில் நெடுநாளைக்குப் பிறகு மனசுக்குப் பிடித்து விளையாடுகிற கேம் இதுதான். உங்கள் பிசியும் ரவுட்டரும் தாங்குமா என்பதுதான் என் சந்தேகம். அதை ஒரு சதம்கூடச் செலவழிக்காமல் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அந்த வழியைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஹட்டன் டவுனில் கம்ப்யூட்டர் திருத்தும் கடையில் வேலை செய்கிறவன். 2005இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 2 காலத்திலிருந்து இந்தக் கேம்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அப்போது எங்களுக்கு ஒன்லைன் என்ற பேச்சே கிடையாது. ஸ்கூல் விட்டதும் நெட் கஃபேயில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி, கம்ப்யூட்டர் ஓட்டும் பொட்களோடு சண்டை போட்டுவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு ஓடுவோம். ஓகஸ்டில் இந்த 6ஆம் பாகத்தை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து பரீட்சித்தார்களே, அந்த இரண்டு வார இறுதியும் நான் தூங்கவில்லை. ஒக்டோபர் 10ஆம் திகதி நம் நேரத்துக்கு இரவு எட்டரைக்குக் கேம் திறந்தது. அன்றிலிருந்து இன்று வரை நாற்பது மணி நேரம் போல ஓட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆறு மாதம் கழித்து இந்தக் கேம் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு பக்கம் 32 பேர், எதிர்ப்பக்கம் 32 பேர். நாலு நாலு பேராக ஸ்குவாட். ஊரில் குறித்த இடங்களைப் பிடிக்க வேண்டும், பிடித்ததைக் காக்க வேண்டும். கால்நடையாகப் போகலாம், டாங்கியில் போகலாம், ஹெலிகொப்டரில் போகலாம், ஜெட்டும் உண்டு. கதை 2027இல் நடக்கிறது. நேட்டோவுக்கும் பாக்ஸ் அர்மாட்டா என்ற தனியார் படைக்கும் சண்டை. அந்தக் கதையைத் தனியாக விளையாடும் பகுதியும் இருக்கிறது. நான் மூன்று கட்டம் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். உலகம் முழுக்க ஓடித் திரிகிறார்கள், யார் மேலும் எனக்கு அக்கறை வரவில்லை. ஸ்டீம் என்ற ஒன்லைன் கேம் கடையில் வாங்கினால் அந்தப் பகுதியைத் தனியாக நீக்கிவிடலாம். இடம் மிச்சம்.

இதைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று புரிய, இதற்கு முந்தியதைச் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் பேட்டில்ஃபீல்ட் 2042 வந்தது. 64 பேர் என்பதை 128 ஆக்கினார்கள். ஆட்டம் நடக்கும் இடத்தை, அதாவது வரைபடத்தையும் அதற்கேற்ற மாதிரி இழுத்தார்கள். இரண்டு நிமிஷம் வெறும் வெளியில் ஓடுவோம், எங்கிருந்தோ ஒரு குண்டு வரும், திரும்பவும் முதலிலிருந்து ஓடுவோம். அதைவிடப் பெரிய தப்பு ஒன்று நடந்தது. வைத்தியம் பார்ப்பவன், ரிப்பேர் செய்பவன் என்று முன்பு இருந்த வகுப்புகளைக் கலைத்துவிட்டு, பேரும் முகமும் உள்ள ஹீரோக்களைக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஆள் ஹீரோ என்றால் கீழே விழுந்தவனை யார் தூக்குவது? யாரும் தூக்கவில்லை. ஒரே அணியில் 64 பேர் இருந்தும் தனியாக விளையாடுகிற மாதிரியே இருந்தது.

இந்த முறை அதைத் திருத்திவிட்டார்கள். முன்னால் பாய்ந்து சுடும் அசோல்ட், வண்டி ரிப்பேர் செய்யும் என்ஜினியர், மருந்து கொடுத்து எழுப்பும் சப்போர்ட், தூரத்திலிருந்து பார்த்துச் சுடும் ரீகொன் என்று நாலு வகுப்பும் திரும்பிவிட்டன. கீழே விழுந்த கூட்டாளியைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் எழுப்பலாம். கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் முதல் நாள் இரவு கெய்ரோ வரைபடத்தில் ஒரு தெரு முனையில் நான் விழுந்து கிடந்தேன். முன்பின் தெரியாத ஒருவன் புகைக்குண்டு போட்டு, அதற்குள் புகுந்து என்னை ஒரு கடை வாசல் வரை இழுத்துப்போய் எழுப்பினான். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுப்பிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டான். ஆட்டம் முடிகிற வரை அவன் பின்னாலேயே சுற்றினேன். 2042இல் எனக்கு அப்படி ஒரு நிமிஷம்கூட வாய்க்கவில்லை.

சுடுவதும் நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு கனம் தெரிகிறது, அடித்தால் அடித்தது கைக்குத் தெரிகிறது. கட்டடங்கள் உடைகின்றன. இரண்டாம் மாடியில் ஒளிந்திருப்பவனைத் தேடிப் படியேற வேண்டாம், ரொக்கெட்டால் அவன் நிற்கும் சுவரையே எடுத்துவிடலாம். எல்லாச் சுவரும் உடையாது. எது உடையும் எது உடையாது என்று இரண்டு மூன்று நாளில் கண் பழகிவிடும். சத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தூரத்து டாங்கிச் சத்தம், பக்கத்து அறையில் கண்ணாடி நொறுங்குவது, தலைக்கு மேல் ஹெலிகொப்டர் போவது எல்லாம் திசையோடு கேட்கிறது.

சத்தம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஹெட்போன் இல்லாமல் இதை விளையாடாதீர்கள். லயத்துக் காம்பராவில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருக்கிறது என்பது ஒரு காரணம். எங்கள் அப்பாயி இன்னொரு காரணம். 83 இனக்கலவரத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் இரவைக் கழித்தவர் அவர். ஓகஸ்டில் ஒருநாள் ஹெட்போன் வயர் கழன்றதைக் கவனிக்காமல் நான் விளையாடிக்கொண்டிருந்தேன். அப்பாயி இஸ்தோப்பிலிருந்து எழுந்து வந்து கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் நல்லதாக ஒரு ஹெட்போன் வாங்கினேன்.

சரி, உங்கள் முக்கியமான கேள்விக்கு வருவோம். நம்ம பக்கம் இருந்து விளையாட முடியுமா?

இலங்கையில் இதற்குச் சர்வர், அதாவது ஆட்டத்தை நடத்தும் கம்ப்யூட்டர் கிடையாது. நாம் அனுப்புகிற ஒவ்வொரு அசைவும் கடல் கடந்து போய்த்தான் திரும்ப வேண்டும். டவுனில் கடையிலிருக்கும் ஃபைபர் லைனில் எனக்குப் பிங், அதாவது போய்த் திரும்ப எடுக்கும் நேரம், 70, 80 மில்லிசெக்கன் என்று நிற்கிறது. வீட்டில் 4ஜியில் காலையில் 95, இரவு எட்டு மணிக்கு 120இலிருந்து 250 வரை துள்ளும். இந்த எண்ணுக்கு ஆட்டத்தில் என்ன அர்த்தம் என்று ஒரு கணக்குப் பாருங்கள். நிமிஷத்துக்கு 800 குண்டு சுடும் துப்பாக்கி 75 மில்லிசெக்கனுக்கு ஒரு குண்டைத் துப்புகிறது. நீங்களும் எதிரியும் ஒரே நேரத்தில் விசையை அழுத்தினாலும், 100 மில்லிசெக்கன் பிந்தியவருக்கு ஒரு குண்டு நஷ்டம், சில சமயம் இரண்டு. நாலைந்து குண்டில் ஆள் விழும் கேமில் அது பெரிய நஷ்டம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. சுவருக்குப் பின்னால் வந்து சேர்ந்த பிறகு செத்து விழுவீர்கள். "ஏமாற்றிவிட்டான்" என்று எரிச்சல் வரும். ஏமாற்று ஒன்றுமில்லை. சுட்டவன் விசையை அழுத்திய கணத்தில் அவன் திரையில் என்ன தெரிந்தது என்று சர்வர் பின்னோக்கிப் போய்ப் பார்க்கிறது. அவன் திரையில் நீங்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறீர்கள். உங்கள் திரையில் சுவரைத் தாண்டிவிட்டீர்கள். அவரவர் திரையில் அவரவர் சரி. சர்வர் சுட்டவன் பக்கம் தீர்ப்புச் சொல்லும்.

இதெல்லாம் எந்த ஷூட்டருக்கும், அதாவது சுடும் கேமுக்கும் பொதுவான கதை. நான் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது. மலையகத்து இன்டர்நெட்டுக்கு மற்ற ஷூட்டர்களைவிட இந்தக் கேம் நன்றாக ஒத்துப்போகிறது. ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் கேமில் நம்முடைய 120 பிங் அணிக்கே பாரம். இங்கே அப்படியில்லை. சுடுவதில் பிந்துகிறவனுக்கும் மரியாதையான வேலை இருக்கிறது. ரோட்டில் கண்ணிவெடி வைத்துவிட்டுப் போகிறீர்கள், பத்து நிமிஷம் கழித்து ஒரு டாங்கி அதில் ஏறுகிறது. அதில் பிங்குக்கு என்ன வேலை? கூட்டாளி ஓட்டும் டாங்கியின் பின்னால் நின்று வெல்டிங் அடித்துக்கொண்டே போகலாம். மருந்துப் பையை ஒரு படிக்கட்டின் கீழ் போட்டால் ஐந்து பேர் அதில் பிழைப்பார்கள். புகை போடலாம், விழுந்தவர்களை எழுப்பலாம். எதற்கும் மில்லிசெக்கன் கணக்குத் தேவையில்லை. எங்கே நிற்பது, எப்போது போவது என்ற புத்திதான் வேண்டும்.

நான் முதல் வாரம் அசோல்ட் எடுத்து ஓடி ஓடிச் செத்தேன். கொன்றது ஐந்து என்றால் செத்தது பதினைந்து. இரண்டாம் வாரம் சப்போர்ட்டுக்கு மாறினேன். கொன்றது அதே ஐந்துதான். ஆட்டம் முடிந்ததும் பட்டியலில் அணியின் முதல் நாலு பேருக்குள் என் பேர் நின்றது. எழுப்பியவர்கள் மட்டும் 23 பேர். ஆகவே நீங்கள் தொடங்கும்போது சப்போர்ட் அல்லது என்ஜினியர் எடுங்கள். ஸ்னைப்பர் ஆசை எல்லோருக்கும் வரும். துள்ளுகிற பிங்கில் ஓடுகிறவனைத் தூரத்திலிருந்து அடிப்பது அதிர்ஷ்டச் சீட்டு வாங்குகிற மாதிரி.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வரைபடத்தில் இயற்கையாகவே ஒரு லாபம் இருக்கிறது. லிபரேஷன் பீக் என்று பேர், தஜிகிஸ்தான் மலையில் நடக்கிறது. சமதரையில் வளர்ந்தவர்கள் அங்கே நேராக உச்சிக்கு ஏறப் பார்க்கிறார்கள். முகட்டில் ஏறி நிற்கிறவனின் உருவம் வானத்துக்கு எதிரே கறுப்பாகத் தெரியும். மலைக்கு வேலைக்குப் போனவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கங்காணி எங்கே நின்றால் முழு மலையும் அவர் கண்ணுக்குள் இருக்கும், எந்த வளைவில் உட்கார்ந்தால் அவர் கண்ணில் படாமல் ஒரு வாய் வெற்றிலை போடலாம் என்பது அம்மாமாருக்கு அத்துப்படி. அதே அறிவுதான் இங்கேயும். முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, சரிவை ஒட்டி, தண்ணீர் வடியும் கான் போன மாதிரி இருக்கும் பள்ளங்கள் வழியாகக் குறுக்குப் பாதை பிடித்துப் போங்கள். எதிரி ஸ்னைப்பர் உச்சியையே பார்த்துக்கொண்டிருப்பான்.

வெளியானபோது ஒன்பது வரைபடங்கள். எனக்குப் பிடித்தவை கெய்ரோ, லிபரேஷன் பீக், அப்புறம் 2011இல் பேட்டில்ஃபீல்ட் 3இல் வந்து இப்போது புதுப்பித்திருக்கும் ஒப்பரேஷன் ஃபயர்ஸ்டோர்ம். மிராக் வலி பெரியது, வண்டி இல்லாமல் அதில் இறங்காதீர்கள். எம்பயர் ஸ்டேட்டில் வாகனமே கிடையாது, புரூக்ளின் சந்துகளில் நாலு பக்கமும் குண்டு வரும். 120 பிங்கோடு அங்கே போனால் பிறந்த நேரத்தைத் திட்டிக்கொண்டு வருவீர்கள். மொத்தத்தில் பல வரைபடங்கள் சின்னதாக, நெரிசலாக இருக்கின்றன. 2042இல் வெட்டவெளி என்று திட்டியதற்குப் பயந்து மறுபக்கம் அளவுக்கு மீறிச் சாய்ந்துவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது.

இன்டர்நெட்டில் இன்னும் ஒன்று. மழை வந்தால் சிக்னல் போகிறது என்று எல்லோரும் சொல்வோம். அது பாதிதான் உண்மை. உங்கள் ரவுட்டருக்கும் டவருக்கும் இடையில் ஓடுகிற 4ஜி அலையை மழைத்துளி அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் மலையில் இருக்கும் டவர்கள் பல, கேபிள் இல்லாமல் தட்டு அன்டெனா வழியாக அடுத்த டவரோடு பேசுகின்றன. அந்த அலைவரிசை உயர்ந்தது, கொட்டுகிற மழை அதைக் குறைத்துவிடும். அதோடு மழைக்கு மரம் விழுந்து கரண்ட் போனால் டவர் பாட்டரியில் ஓடும், பாட்டரி முடிந்தால் அதுவும் படுத்துவிடும். இரவு ஏழிலிருந்து பத்து வரை பிங் துள்ளுவதற்குக் காரணம் வேறு. முழுத் தோட்டமும் அந்த நேரத்தில்தான் போனில் நாடகம் பார்க்கிறது.

ஆகவே ரவுட்டரை அலமாரி மேல் வைக்காமல், டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வையுங்கள். தகரக் கூரைக்கு அடியில் நடு அறையில் வைத்தால் பாதிச் சிக்னல் அங்கேயே செத்துவிடும். பிசிக்கு வைஃபை வேண்டாம், வயர் போடுங்கள். வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், விளையாட அதிக வேகம் தேவையில்லை. பிங் ஒரே இடத்தில் நிற்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். நிலையான 110, துள்ளுகிற 70ஐவிட எவ்வளவோ மேல். நான் பெரும்பாலும் காலை ஐந்திலிருந்து ஏழு வரை விளையாடுகிறேன். அப்போது லைன் சுத்தமாக இருக்கும், பனி இறங்கி ஜன்னல் முழுக்க வெள்ளையாக இருக்கும், அம்மா தேத்தண்ணி கொண்டு வைத்துவிட்டு வேலைக்குப் போவார்.

இனி உங்கள் பிசி. நேராகவே சொல்கிறேன், குறைந்தபட்சம் என்று அவர்கள் போட்டிருக்கும் கோட்டுக்கே நீங்கள் கீழே இருக்கிறீர்கள். கேட்பது ஐ5 8400 அல்லது ரைசன் 5 2600, ஆர்டிஎக்ஸ் 2060, 16 ஜிபி ராம், 55 ஜிபி இடம். நன்றாக ஓட வேண்டுமென்றால் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, 90 ஜிபி எஸ்எஸ்டி. உங்கள் 1650ஐ விடவும் எனக்குப் பயம் அந்த ஐ5தான். ஆறாம் தலைமுறை ஐ5க்கு நாலு கோர். 64 பேர், உடைகிற சுவர், பறக்கிற ஓடு எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுவது பிராசசர்தான், நாலு கோர் அதில் மூச்சு வாங்கும். 8 ஜிபி ராமில் விண்டோஸே பாதியைச் சாப்பிட்டுவிடும். கேம் திறக்கலாம், ஓடவும் ஓடலாம், ஆனால் சரியாக எதிரி எதிரே வரும் நேரத்தில் திரை ஒரு நொடி உறையும். என் மெஷின் ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 3060. 1080பியில் எல்லாம் மீடியத்தில் வைத்து 80 எஃப்பிஎஸ்ஸுக்கு, அதாவது நொடிக்கு 80 படத்துக்குக் குறையாமல் போகிறது. இந்த நல்ல பேரை இந்தக் கேமுக்குக் கொடுக்க வேண்டும். ஒளி நிழலை நிஜம்போல் காட்டும் ரே டிரேசிங் என்று படம் காட்டாமல், ஒழுங்காக ஓடுவதற்கு வேலை செய்திருக்கிறார்கள்.

இதற்கும் முன்னால் ஒரு கதவு இருக்கிறது, கடைக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கேதான் நிற்கிறார்கள். செக்யூர் பூட். ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க ஜவலின் என்ற காவல் மென்பொருளை வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் தொடங்கும்போதே இடையில் வேறு எதுவும் நுழையவில்லை என்று அதற்கு உறுதி வேண்டும். அதனால் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங்கில், செக்யூர் பூட் போட்டிருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய ஒஃபிஸ் பிசிகளில் விண்டோஸை லெகசி என்ற பழைய முறையில் ஏற்றி, டிஸ்க்கை எம்பிஆர் என்ற பழைய வகையில் பிரித்து விற்றிருப்பார்கள். அந்த நிலையில் பயாஸில் போய் லெகசியை அணைத்து செக்யூர் பூட்டைப் போட்டால், விண்டோஸே எழும்பாது. போன வாரம்கூட ஒரு பையன் யூடியூப் பார்த்து அப்படிச் செய்துவிட்டு, பிசியை உரப்பையில் சுற்றிப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தான். ஒன்றும் கெடவில்லை, திரும்ப மாற்றினால் சரி. முறை என்னவென்றால், முதலில் முக்கியமானதை எல்லாம் வேறு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். பிறகு டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய வகைக்கு மாற்ற வேண்டும், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அதற்கு எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. அதற்குப் பிறகுதான் பயாஸில் கை வைக்க வேண்டும். கை நடுங்கினால் தெரிந்தவரிடம் கொடுங்கள், அரை மணி நேர வேலை.

காசுக் கணக்கு. வெளியானபோது அமெரிக்காவில் விலை 70 டொலர். அப்படியே ரூபாவுக்கு மாற்றினால் 21,000ஐத் தாண்டும். உங்கள் ஸ்டீம் கணக்கில் காட்டும் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், வங்கிக் கார்ட்டில் வெட்டும் கட்டணத்தையும் சேருங்கள். 2025இல் கேம் வந்தபோது கொழுந்து பறிக்கிறவரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் பதினாறு முழுப் பேர், அதாவது பதினாறு நாள் முழு வேலை. அரைப் பேர் போடாமல், மழைக்கு வேலை நிற்காமல். நான் வாங்கினேன், என் சம்பளத்தில். அதனால் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் ஓடுமா என்று தெரியாத ஒன்றுக்குப் பதினாறு பேரைக் கொடுக்க விடமாட்டேன்.

இப்போது அந்த இலவச வழி. ஒக்டோபர் 28ஆம் திகதி ரெட்செக் என்று ஒன்றை விட்டார்கள். கடைசி வரை உயிரோடு நிற்பவர்கள் வெல்லும் பேட்டில் ரோயல் வகை, முழுக்க இலவசம். நூறு பேர் இறங்குவார்கள், நெருப்பு வளையம் சுருங்கிக்கொண்டே வரும். தொட்டால் சாம்பல்தான், மற்றக் கேம்களில் மாதிரி மருந்து குடித்துக்கொண்டே தப்பி ஓட முடியாது. எனக்குப் பேட்டில் ரோயல் அவ்வளவு இஷ்டமில்லை. இருந்தாலும் அதே துப்பாக்கிகள், அதே உடைகிற சுவர், அதே நாலு வகுப்பு, அதே செக்யூர் பூட் காவல். உங்களுக்குத் தேவை அதுதான். ரெட்செக் உங்கள் பிசியில் திறந்தால் 6ஆம் பாகமும் திறக்கும். ரெட்செக்கில் திரை உறைந்தால் அதுவும் உறையும். பிங் எவ்வளவு என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் என்றால் பன்னிரண்டு மணிக்கு டவுன்லோட் போட்டுவிட்டுத் தூங்குங்கள். இரண்டு மூன்று இரவு பிடிக்கும்.

ஓடினால் என்ன செய்வது? அப்போதும் முதல் செலவு கேமுக்கு வேண்டாம். ராமை 16 ஆக்குங்கள், ஹார்ட் டிஸ்க்கில் ஓடினால் ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். அது இந்தக் கேமுக்கு மட்டுமில்லை, நீங்கள் படிக்கிற, செய்கிற எல்லாவற்றுக்கும் உதவும். பெரிய கேம்களின் விலை எப்படியும் சில மாதத்தில் இறங்கும். மூன்றே நாளில் 70 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது, ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் ஏழு லட்சத்துக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். இவ்வளவு கூட்டம் நாளைக்கே கலைந்துவிடாது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கிகளையும் அதற்கான பாகங்களையும் திறக்க மிக நேரம் பிடிக்கிறது. வேலைக்குப் போய் வந்து ஒரு மணி நேரம் விளையாடுகிறவனுக்கு அது சலிப்பு. அந்தச் சலிப்பில்தான் ஆட்கள், அவரவர் விருப்பப்படி ஆட்டம் அமைக்கும் போர்ட்டல் பகுதியில் பொட்களை வரிசையாக நிறுத்திச் சுட்டுப் புள்ளி சேர்க்க ஆரம்பித்தார்கள். அப்படிப்பட்ட சர்வர்களே நிறைந்துபோய், உண்மையாக ஆட்டம் அமைக்க வந்தவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று. பிறகு அந்தப் புள்ளியை வெட்டினார்கள். தொடக்கத் திரை நாடகம் பார்க்கும் ஆப் மாதிரி இருக்கிறது, ரெட்செக்கா 6ஆம் பாகமா எதற்குள் இருக்கிறோம் என்றே சில நேரம் தெரியாது. சப்போர்ட் எடுத்துக்கொண்டு யாரையும் எழுப்பாமல் மெஷின் கன்னோடு மூலையில் படுத்துக் கிடக்கும் ஆட்களைப் பற்றி எழுதினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும், விடுகிறேன்.

ஐப்பசி மழை இன்னும் முடியவில்லை. டவுன்லோட் பாதியில் நிற்கிறதே என்று பார்க்காமல், இடி தொடங்கினால் பிசி பிளக்கையும் ரவுட்டர் பிளக்கையும் கழற்றுங்கள், இரண்டுக்கும் இடையிலுள்ள வயரையும் சேர்த்து. டவுன்லோட் விட்ட இடத்திலிருந்து தொடரும். எரிந்த மதர்போர்ட் தொடராது.

ரெட்செக் திறந்ததும் எத்தனை எஃப்பிஎஸ் வருகிறது, பிங் எவ்வளவு என்று எழுதுங்கள், அதைப் பார்த்து செட்டிங்கில் எதைக் குறைக்கலாம் என்று சொல்கிறேன். ஞாயிறு காலை ஐந்தரைக்கு நான் உள்ளே இருப்பேன். நான் சப்போர்ட், நீங்கள் என்ஜினியர். டாங்கி ஓட்ட மட்டும் என்னைக் கேட்காதீர்கள், இன்றைக்கு வரைக்கும் பாலத்திலிருந்து விழுத்தாமல் ஒரு டாங்கியையும் நான் திருப்பிக் கொடுத்ததில்லை.